சட்டத்துக்கு முந்திய நான்கு ஆண்டுகள்

அமெரிக்காவில் வக்கீலாக வேண்டுமென்று ஆசைப்படும் வாலிபன், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு சட்டக் கல்லூரியின் படியேறிவிட முடியாது. நம் நாட்டில் பிளஸ் டூ தேறிய மாணவன் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் நேரே சேர்ந்துவிடலாம். அங்கேயோ, வேறொரு துறையில் நான்கு ஆண்டுகள் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்ற பிறகுதான், மூன்று ஆண்டுகள் நீடிக்கும் சட்டப் படிப்புக்கு மனுப் போட வேண்டும். அந்த நான்கு ஆண்டுகளையும் சட்டத்தை உத்தேசித்த ஆயத்த காலமாக அமைத்துக்கொள்வதையே 'பிரீ-லா' என்று வழங்குகிறார்கள். அது பெரும்பாலும் தனிப் பட்டமன்று. இன்ன பாடத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கமும் விதிக்கவில்லை. தத்துவம், சரித்திரம், கணிதம், சங்கீதம் படித்தவர்களும் சட்டக் கல்லூரிக்குப் போகிறார்கள். ஆயினும், சட்டம் எங்கே பிறக்கிறது, யாருடைய அதிகாரத்தால் செல்லுபடியாகிறது என்பவற்றை விசாரிக்கும் அரசியல் விஞ்ஞானத்தையே அநேகர் நாடுவது இயல்பு.

இவர்கள் எழுதும் 'எல்சாட்' என்னும் நுழைவுத் தேர்வு 1948இல் தொடங்கியது. 120 முதல் 180 வரை மதிப்பெண் வழங்கும் அந்தத் தேர்வில் சட்ட அறிவைச் சோதிக்கும் கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. ஒரு வாதத்தைக் கொடுத்து, அது வெளியே சொல்லாமல் ஆதாரமாகக் கொண்டிருக்கும் அனுமானம் யாது, எந்தப் புதிய செய்தி வந்தால் அது தளர்ந்துபோகும் என்றெல்லாம் கேட்பார்கள். மனப்பாடத்தால் கடக்கக்கூடிய தேர்வு அன்று அது; ஆண்டுக்கணக்கில் கடினமான நூல்களை நிதானமாக வாசித்துப் பழகியவனுக்கே கைகூடுவது.

இந்தப் படிப்பு ஒரு கிறிஸ்தவ சர்வகலாசாலையில் எவ்விதம் நடைபெறுகிறது என்பதைக் காண, டெக்ஸாஸ் மாகாணத்தில் பிராஸோஸ் நதிக்கரையிலுள்ள வேக்கோ நகரத்துப் பெய்லர் சர்வகலாசாலையை எடுத்துக்கொள்ளலாம். டெக்ஸாஸ் அமெரிக்க ஐக்கிய நாடுகளோடு இணைவதற்கு முன்னே, தனிக் குடியரசாக இருந்த காலத்தில், 1845இல் பாப்டிஸ்ட் சபையார் ஸ்தாபித்த வித்யாசாலை அது. வேக்கோவுக்கு வந்து சேர்ந்தது 1886இல். அதற்குப் பெயர் தந்த ஆர். இ. பி. பெய்லர் ஒரு நீதிபதி. பகலில் நியாயஸ்தலத்தில் வழக்கு விசாரித்துவிட்டு மாலையில் அதே ஊரில் பிரசங்கம் செய்தவர். ஊதியம் வாங்காமல் மாணவர்களுக்குச் சட்டம் போதித்தவர். வேக்கோவுக்கு வருமுன்பே, 1857இல், அந்த வித்யாசாலையில் சட்டத் துறை ஏற்பட்டுவிட்டது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்த நீதிபதி அடிமைகளை வைத்திருந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. வேதத்தையும் சட்டத்தையும் ஒருசேர அறிந்த ஒருவர், சக மனிதனைச் சொத்தாக வைத்துக்கொள்ள எந்தச் சட்டம் இடம் கொடுத்தது, எந்த மனச்சாட்சி அதைப் பொறுத்துக்கொண்டது என்ற கேள்வியைவிட அரசியல் மாணவனுக்கு உகந்த பாடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சர்வகலாசாலையின் நிர்வாகிகள் கறுப்பின மாணவர்களுக்குக் கதவைத் திறப்பதென்று தீர்மானித்தது 1963இல்தான். அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பர்மிங்ஹாம் சிறையிலிருந்து பாப்டிஸ்ட் போதகர் மார்ட்டின் லூதர் கிங், தம்மைக் கண்டித்த எட்டு வெள்ளையர் மதகுருமார்களுக்குப் பதிலாகத் தம் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். அநியாயமான சட்டம் சட்டமென்னும் பெயருக்குத் தகுமா என்று ஆராயும் அக்கடிதத்தில், ஐந்தாம் நூற்றாண்டின் அகஸ்டினையும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் அக்வினாஸையும் அவர் சாட்சிக்கு அழைக்கிறார். மத நூல்களுக்கு நியாய விசாரணையில் என்ன வேலை என்று ஐயுறுகிறவர்கள் இந்த ஒரு கடிதத்தை வாசித்தாலே போதும்.

பெய்லரில் இளங்கலை மாணவர் எத்துறையினராயினும் வேதாகமத்தைப் பற்றி ஒரு பாடமும் கிறிஸ்தவப் பாரம்பரியத்தைப் பற்றி ஒரு பாடமும் படித்தாக வேண்டும். ஒரு மதத்தின் நிழலில் இப்படி வளர்கிறவன், எல்லா மதத்தாருக்கும் பொதுவான சட்டத்தைச் சமநோக்கோடு கற்பானா என்று கேட்பது நியாயமே. இதற்கு விடை, பாப்டிஸ்டுகளின் சரித்திரத்திலேயே இருக்கிறது. மனச்சாட்சிக்கு அரசாங்கம் கட்டளையிடலாகாது என்றதற்காக மாஸசூஸெட்ஸிலிருந்து விரட்டப்பட்டு, 1636இல் பிராவிடன்ஸ் குடியேற்றத்தை நிறுவிய ராஜர் வில்லியம்ஸ், சில காலமே பாப்டிஸ்டாக இருந்தவரென்றாலும், அவர்களுடைய முன்னோடியாகவே எண்ணப்படுகிறார். அரசாங்கத்தின் ஆதரவு பெற்ற வேறொரு சபை ஓங்கியிருந்த கனெக்டிகட்டில், டான்பரி பாப்டிஸ்டுகள் 1801இல் ஜனாதிபதி ஜெபர்ஸனுக்குத் தங்கள் குறையை எழுதினார்கள். 1802 ஜனவரி முதல் தேதியிட்ட அவருடைய பதிலில்தான், சபைக்கும் அரசுக்கும் இடையே ஒரு மதில் என்னும் உருவகம் வந்து, பிற்காலத்தில் நீதிமன்றத் தீர்ப்புகளிலெல்லாம் குடியேறிற்று. அந்த மதிலைக் கேட்டுப் பெற்றவர்கள் நாஸ்திகர்கள் அல்லர், பக்தர்கள் என்பதை நம்மில் பலர் நினைப்பதில்லை. சபைக்கும் அரசுக்கும் உள்ள உறவை ஆராயவென்றே 1957இல் பெய்லரில் ஒரு கழகம் தோன்றியதும், 1959 முதல் அங்கிருந்து ஒரு சஞ்சிகை வரத் தொடங்கியதும் இந்த மரபின் தொடர்ச்சியே.

அரசியல் சாசனச் சட்ட வகுப்பில் தீர்ப்புகளையே பாடமாக வாசிக்கிறார்கள். நடந்த சம்பவம் என்ன, நீதிமன்றத்தின் முன் நின்ற பிரச்னை யாது, பெரும்பான்மையோர் கூறிய காரணம் என்ன, மாறுபட்ட நீதிபதி எதனால் மாறுபட்டார் என்று மாணவன் சுருக்கி எழுதி வர, ஆசிரியர் அவனை எழுப்பி நிறுத்திக் குறுக்குக் கேள்வி கேட்பார். இவ்வகையில் ஒருசேர வாசிக்கத்தக்க தீர்ப்புகள் இரண்டு உண்டு. பென்ஸில்வேனியாவில் மைனர்ஸ்வில் என்னும் சிற்றூரில், யெகோவா சாட்சிகள் என்னும் சிறு சபையைச் சேர்ந்த குழந்தைகள் இருவர், கொடிக்கு வணக்கம் செலுத்துவது விக்கிரக ஆராதனைக்கு ஒப்பாகுமென்று மறுத்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1940இல் சுப்ரீம் கோர்ட் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஹார்லன் ஸ்டோன் ஒருவரே மாறுபட்டார். மூன்றே ஆண்டுகள் கழித்து, உலக யுத்தம் உச்சத்தில் இருந்து தேசபக்தி கொழுந்துவிட்டெரிந்த அந்த வேளையிலே, மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த பார்னெட் வழக்கில் அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தன் முடிவை மாற்றிக்கொண்டது. தனியாக நின்ற ஒருவருடைய வாதம் மூன்றாண்டில் நாட்டின் சட்டமான இந்த விந்தையை ஊன்றி வாசிக்கும் மாணவன், தீர்ப்பு என்பது மலையிலிருந்து இறங்கும் கல்வெட்டன்று என்பதை உணர்கிறான். தன் சபையாருக்கு வினோதமாகத் தோன்றும் ஒரு சபையின் குழந்தைகளுக்காக வாதாடவும் அவன் அப்போது பழகுகிறான். கிறிஸ்தவ சர்வகலாசாலை ஒன்று தரக்கூடிய சட்டப் பயிற்சியில் இதுவே தலைசிறந்தது என்பது என் துணிபு.

அந்தத் தீர்ப்புகள் கடல் கடந்தும் வந்தன. கேரளத்தில் அதே யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், தேசிய கீதம் இசைக்கப்படும்போது மரியாதையோடு எழுந்து நின்றும், தங்கள் விசுவாசம் தடுத்ததால் பாடாமல் இருந்தார்கள். அதற்காகப் பள்ளியிலிருந்து அவர்களை நீக்கியது செல்லாதென்று 1986இல் நம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி சின்னப்ப ரெட்டி மேற்கூறிய அமெரிக்க வழக்குகளையும் எடுத்து ஆராய்ந்திருக்கிறார்.

எல்லா வழக்குகளும் இவ்வளவு தெளிவாக முடிந்துவிடுவதில்லை. டெக்ஸாஸிலேயே பெர்னி என்னும் ஊரில், பெருகிவந்த ஜனங்களுக்குப் போதாத தன் கோயிலை விஸ்தரிக்க ஒரு கத்தோலிக்க சபை அனுமதி கேட்டது. புராதனக் கட்டடங்களைக் காக்கும் விதியைக் காட்டி நகராட்சி மறுத்தது. மத அனுஷ்டானத்துக்கு இடையூறான சட்டங்களைக் கட்டுப்படுத்தும் பொருட்டு அமெரிக்கக் காங்கிரஸ் 1993இல் இயற்றிய சட்டத்தைச் சபை துணைக்கு அழைத்தது. 1997இல் சுப்ரீம் கோர்ட், மாகாணங்களின் மீது அத்தகைய சட்டத்தைச் சுமத்தக் காங்கிரஸுக்கு அதிகாரமில்லையென்று ஆறுக்கு மூன்றாகத் தீர்ப்பளித்தது. பக்தியுள்ள மாணவனுடைய அனுதாபம் கோயிலின் பக்கம் சாயும். சாசனத்தின் அதிகாரப் பங்கீட்டைக் கற்ற அவனுடைய புத்தியோ நீதிமன்றத்தின் வாதத்தைச் சுலபத்தில் தள்ளிவிட முடியாமல் தவிக்கும். அந்த வழக்கில் இரு தரப்புக்கும் அவன் வாதம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இரண்டிலும் சமமாக மதிப்பெண் வாங்குகிறவனைத்தான் சட்டக் கல்லூரிக்குப் பரிந்துரைத்துக் கடிதம் எழுத ஓர் ஆசிரியருக்கு மனம் வரும்.