எந்த ஊரில் வீடு வாங்கலாம்?

சென்னையில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்களின் வீடுகளில் இப்போதெல்லாம் ஒரே பேச்சுத்தான். "இந்தப் பட்டணத்தை விட்டு ஒரு சின்ன ஊருக்குப் போய், சொந்த வீடு வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தால் என்ன?" என்பதே அந்தப் பேச்சு. 2015 டிசம்பரில் கூடத்துக்குள் புகுந்த வெள்ளத்தையும், 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்த குடிநீரையும் கண்டவர்கள் அப்படி எண்ணுவதில் வியப்பு என்ன?

ஆனால், எந்த ஊர் என்று கேட்டவுடன் சங்கடம் ஆரம்பமாகிறது. கணவர் மாயவரம் என்கிறார். 'ஆயிரமானாலும் மாயூரம் ஆகுமா?' என்று பழமொழியையும் சாட்சிக்கு அழைக்கிறார். மனைவியோ குற்றாலச் சாரல் வீசும் தென்காசியை விட்டுக்கொடுக்க மறுக்கிறார். இரண்டும் நல்ல ஊர்கள்தான். சென்னைக்கு நேர் ரயில் உண்டு. தென்காசி 2019-லும், மயிலாடுதுறை என்று இப்போது வழங்கும் மாயவரம் 2020-லும் மாவட்டத் தலைநகரங்களாகிவிட்டன. பிறகு எதைக் கொண்டு தீர்மானிப்பது?

நாம் சொல்வது இதுதான்: எந்த ஊரையும் அதன் நல்ல நாளில் மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. ஆடிச் சாரலில் தென்காசியைப் பார்த்தவருக்கு அது தேவலோகமாகத் தோன்றும். ஐப்பசியில் துலா ஸ்நானத்துக்கு மாயவரம் போனவருக்கோ காவேரியை விட்டு வர மனம் வராது. அதே ஊர்களுக்குச் சித்திரை வெயிலில் ஒரு முறை போய் வாருங்கள். குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வருகிறது, கிணற்றில் எவ்வளவு நிற்கிறது என்று அண்டை வீட்டு அம்மாளை விசாரியுங்கள். கார்த்திகை மழை விட்ட மறுநாள் தெருவில் நடந்து பார்த்தால், எந்த வீட்டு வாசலில் சாக்கடை எதிர்த்து வருகிறது என்பது தரகர் சொல்லாமலே தெரிந்துவிடும்.

அடுத்தது ஆஸ்பத்திரி. மாயவரத்திலிருந்து திருவாரூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி சுமார் 40 கிலோமீட்டர். தென்காசியிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ 50 கிலோமீட்டருக்கு மேல். நடுநிசியில் நெஞ்சு வலி வந்தால் அந்தத் தூரம் இரு மடங்காகத் தோன்றும். உள்ளூர் ஆஸ்பத்திரியில் இரவில் என்ன வைத்தியம் கிடைக்கும் என்பதை முன்னதாகவே நேரில் போய் அறிய வேண்டும்.

இங்கே சொல்லக் கூசும் விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தம்பதிகள் இருவரும் சேர்ந்து வீடு தேடுகிறார்கள். ஆனால் ஒரு நாள் இருவரில் ஒருவரே அந்த வீட்டில் இருக்க நேரும். பெரும்பாலும் அது மனைவியாகவே இருக்கும். அவர் தனியே நடந்து போய் மருந்தும் காய்கறியும் வாங்க முடியுமா? கூப்பிட்ட குரலுக்கு வர உறவினரோ சிநேகிதரோ அருகில் உண்டா? வண்டியோட்டத் தெரிந்த கணவர் ஊருக்கு வெளியே மலிவாகத் தோட்ட வீடு வாங்குமுன், இந்தக் கேள்விகளை மனைவியிடமே கேட்பது உத்தமம்.

பத்திர விஷயத்தில் தாட்சண்யம் உதவாது. மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் தக்க வக்கீலிடம் காட்ட வேண்டும். காவேரிக் கரை ஊர்களில் கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தமான அடிமனைகள் ஏராளம். கட்டடம் மட்டுமே விற்பவருடையதாக இருக்கும், மண் சுவாமியுடையது! அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது என்கிறது 1959-ம் வருஷத்துச் சட்டம். புதிய மனைப்பிரிவானால் அது அங்கீகாரம் பெற்றதா என்றும் பார்க்க வேண்டும்.

செலவையும் மறக்கலாகாது. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 சதவிகிதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது. அதனுடன் முத்திரைத் தீர்வை முதலியவை 7 சதவிகிதம். ஆக, 50 லட்ச ரூபாய் கிரயத்துக்குச் சர்க்காருக்குச் சேருவது நாலரை லட்சம். ஊர் பிடிக்கவில்லை என்று வீட்டை விற்றால் அந்தத் தொகை திரும்பாது. ஆகையால் முதலில் ஒரு வருஷம் அந்த ஊரில் வாடகைக்கு இருந்து பாருங்கள். வாடகை வீணாயிற்றே என்று வருந்துவோர் இந்த நாலரை லட்சத்தை நினைத்துத் தேறலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. 1993-ல் அமலுக்கு வந்த 74-வது திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் தந்திருக்கிறது. கணக்கும் சட்டமும் அறிந்த ஒருவர் புதிய ஊருக்குப் போய்த் தம் வாசல் கதவைச் சாத்திக்கொண்டால், அந்த ஊருக்கு விலைவாசி ஏறியதுதான் மிச்சம். வார்டு கவுன்சிலரைக் கண்டு தெருக்குழாயைப் பற்றிப் பேசவும், நூலகத்தில் நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் முன்வந்தால், ஊரார் அவரைத் தம்மவராகக் கொள்வார்கள். தனித்திருக்கும் காலத்தில் கதவைத் தட்டி, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கப் போகிறவர்களும் அவர்களே.