எக்ஸ்ரே அறையில் பழைய பாடமும் புதிய பாடமும்

கல்முனை முதல் பொத்துவில் வரை நீளும் எமது கரையோர ஊர்களில் எக்ஸ்ரே எடுக்காத குடும்பம் மிக அரிது. மோட்டார் சைக்கிளால் விழுந்தவருக்குக் கால், விடாத இருமலுக்கு நெஞ்சு, தோணி தள்ளும் மீனவருக்கு முதுகு என்று ஏதோ ஒரு தேவை வருகிறது. பார்த்த வைத்தியரின் பெயர் எமக்கு நினைவிருக்கும். படம் எடுத்தவரை யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் படம் தெளிவாக அமைவதும், தேவைக்கு மேல் கதிர் உடலிற் படாதிருப்பதும் பெருமளவு அவருடைய கையிலேயே உள்ளன. இவரையே ரேடியோகிராபர் என்கிறோம்.

ஒருமுறை படித்துச் சித்தியடைந்த பாடம் இவருடைய சேவைக்காலம் முழுவதற்கும் போதுமா? போதாது என்பதற்கு மூன்று உதாரணங்களை நோக்குவோம்.

பிலிம் போய்க் கணினி வந்தது

பிலிம் பாவித்த காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துவிடும், குறைந்தால் வெளிறிவிடும். பிழை உடனே கண்ணுக்குத் தெரியும். இன்றைய கணினி முறையில் அப்படியல்ல. கதிர் கூடினாலும் குறைந்தாலும் கணினி வெளிச்சத்தைச் சரிசெய்து காட்டுகிறது. மிகவும் குறைந்தால் படம் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரியும், வைத்தியர் முறையிடுவார். கூடினாலோ படம் இன்னும் அழகாக இருக்கும், எவரும் முறையிடமாட்டார். இதனால், ஒருவரும் அறியாமலே கதிரின் அளவு நாளடைவில் ஏறிவிடுகிறது.

இதைக் கண்டுகொள்ள வழி உண்டு. கதிர் எவ்வளவு பட்டது என்பதைக் காட்டும் எண்ணுக்கு 2008ஆம் ஆண்டில் சர்வதேச நியமம் ஒன்று வகுக்கப்பட்டது. அதன்படி, குறித்த இலக்கிலிருந்து எவ்வளவு விலகினோம் என்பதையும் கருவி காட்டும். பூச்சியம் என்றால் அளவு சரி. சக 3 என்றால் இருமடங்கு கதிர். சய 3 என்றால் பாதி. படத்தின் ஓரத்தில் உள்ள இந்தச் சிறு எண்ணை வாசிக்கத் தெரிந்தவருக்கு அது எச்சரிக்கை. தெரியாதவருக்கு அது வெறும் இலக்கம்.

ஈயக் கவசம்

இடுப்பை மறைக்க ஈயக் கவசம் வைப்பது 1950களிலிருந்து நற்பழக்கமாகப் போதிக்கப்பட்டது. 2019இல் அமெரிக்க மருத்துவப் பௌதிகவியலாளர் சங்கம், நோயாளியின் இனப்பெருக்க உறுப்புகளுக்கும் கருவுக்கும் வழக்கமாகக் கவசம் வைப்பதை நிறுத்தலாம் என அறிவித்தது. காரணங்கள் மூன்று. இன்றைய கருவிகளுக்கு வேண்டிய கதிர் அன்றையதைவிட மிகக் குறைவு. உடலுக்குள்ளேயே சிதறும் கதிரை வெளியே வைத்த கவசம் தடுக்காது. கவசம் இடம் மாறி விழுந்தால் பார்க்க வேண்டிய எலும்பை மறைத்து, படத்தை மீண்டும் எடுக்க வைக்கும். தானியங்கிக் கருவியாயின் கதிரைக் கூட்டியும்விடும்.

இதனைத் தனியொருவர் தாமாக நிறுத்துவது முறையல்ல. வைத்தியசாலை கூடி முடிவுசெய்ய வேண்டும். பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும் தாய்க்கும், கதிர் படும் இடத்தில் நின்று பணிபுரிவோருக்கும் ஈய அங்கி இன்றும் அவசியம். “ஏன் என் பிள்ளைக்குக் கவசம் போடவில்லை?” என்று ஒரு உம்மா கேட்டால், ஏசாமல் விளக்கம் சொல்ல ரேடியோகிராபருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி

மூன்றாவது உதாரணமே மிகவும் பாரதூரமானது. புதிதாக மணமுடித்த பெண் மாமியுடன் வருகிறாள். கதவடியில் எல்லோரும் கேட்க, “கர்ப்பமா?” என்றால் அவள் வெட்கத்தால் இல்லை என்று தலையாட்டுவாள். அதே கேள்வியை உள்ளே தனியாக, முடிந்தால் ஒரு பெண் பணியாளர் மூலம், “தங்கச்சி, இந்த மாதம் குளிப்பு தள்ளிப்போனதா? பிள்ளையின் நன்மைக்காகத்தான் கேட்கிறோம்” என்று கேட்டால் உண்மை வரும். உடை மாற்றத் திரைச்சீலை, பர்தாவின் ஊசியைக் கழற்றச் சிறிது நேரம் ஆகியனவும் இதில் அடங்கும்.

கர்ப்பம் என்று பின்னர் தெரியவந்தால் என்ன செய்வது? கருவைக் கலைக்க வேண்டுமோ என்று கலங்கும் குடும்பங்கள் உண்டு. சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, கரு பெற்ற கதிர் 100 மில்லிகிரேக்குக் குறைவாயின் அதைக் காரணமாகக் கொண்டு கருவைக் கலைப்பது நியாயமாகாது. நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவைச் சேர்வது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. சாதாரண வயிற்று எக்ஸ்ரே ஒன்றிற்கூடச் சராசரியாக 1 முதல் 2 மில்லிகிரே அளவே. இடுப்புப் பகுதிச் சீ.ரி. ஸ்கேனில் இது பல மடங்கு கூடும். ஆகவே கேள்வியைத் தவறவிடலாகாது. ஆனால் விபரம் அறியாத ஒருவர் பயத்தில் சொல்லும் ஒரு வார்த்தை, ஆரோக்கியமான ஒரு சிசுவின் உயிரையே பறித்துவிடக்கூடும்.

எங்கே கற்பது?

அமெரிக்காவில் பதிவுபெற்ற ரேடியோகிராபர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 24 தொடர்கல்விப் புள்ளிகளைப் பெறவேண்டும். பிரித்தானியாவிலும் தொடர்ந்து கற்றமைக்கு ஆதாரம் காட்டவேண்டும். எமது பகுதியிலிருந்து கொழும்புக்குச் செல்வதானால் ஓர் இரவு பஸ் பயணம். போனவருடைய கடமையை யார் பார்ப்பது என்ற பிரச்சினையும் உண்டு.

ஆகவே அருகிலேயே கற்க வழி தேடுவோம். கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் ஒரே நகரில் உள்ளன. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வைத்தியசாலைகள் குறுகிய பஸ் பயணத் தூரத்தில் உள்ளன. இங்குள்ளோர் மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் கூடலாம். அந்த மாதம் மீண்டும் எடுக்க நேர்ந்த படங்களை மேசையில் வைத்து, நோயாளி அசைந்தாரா, கிடத்திய விதம் பிழையா, கதிர் அளவு பிழையா என்று பிரித்துப் பார்க்கலாம். எடுத்தவர் யார் என்று கேட்கக்கூடாது. கேட்டால் அடுத்த மாதம் எவரும் படம் கொண்டுவரமாட்டார். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலிருந்து ஒரு கதிரியல் வைத்திய நிபுணரை ஆண்டுக்கு இருமுறை அழைக்கலாம்.

வாசகர்களாகிய எமக்கும் பங்குண்டு. பழைய படங்களைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுசெல்வோம். தேவையற்ற இரண்டாவது படம் தவிரும். கர்ப்பச் சந்தேகம் இருந்தால் கேட்கும் முன்பே சொல்வோம். வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் இருப்போர் மின்விசிறிக்கும் கதிரைக்கும் பணம் சேர்ப்பது போல, இந்த மாதாந்தக் கூட்டத்தின் பயணச் செலவுக்கும் சிறு தொகை ஒதுக்கலாம். கதிரையில் நன்கொடையாளர் பெயர் எழுதலாம். இதில் எழுத இடமில்லை. ஆயினும் அடுத்த முறை எம் பிள்ளையைப் படமெடுக்கக் கிடத்தும்போது அதன் பயன் எமக்கே வந்து சேரும்.