காடு விடும் மூச்சுக்கு ஒரு கணக்கு

காரைக்கால் கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்புக்குள் மத்தியானம் போய் நின்றால், தலைக்கு மேலே ஓயாத இரைச்சல். காலடியில் சருகு அசையாது. கடற்காற்றின் வேகத்தை உச்சிக் கிளைகளே பெரும்பாலும் வாங்கிக்கொள்கின்றன. அப்படியானால் உள்ளே இருக்கும் இலைக்குக் கரியமில வாயு எப்படிக் கிடைக்கிறது?

ஒவ்வொரு இலையையும் சுற்றி மெல்லிய காற்றுப் படலம் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இலை உறிஞ்ச உறிஞ்ச அதில் கரியமில வாயு குறையும். படலத்தைக் கலைத்துப் புதுக் காற்றைச் சேர்ப்பது சீராக வீசும் காற்றல்ல. மேலிருந்து திடீர் திடீரென்று உள்ளே பாயும் வீச்சுகள்தாம் அந்த வேலையில் பெரும்பங்கைச் செய்கின்றன. ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே தோப்பு ஏறக்குறைய சும்மா கிடக்கும்.

இந்த வீச்சுகளைப் போன்ற ஒழுங்கில்லாத காற்றுச் சுழல்களை வைத்தே காட்டின் மூச்சை அளக்கிறார்கள். காரைக்காலுக்கு வடக்கே, பிச்சாவரம் அலையாத்திக் காட்டில், மரங்களுக்கு மேல் உயரும் கோபுரத்தில் அதற்கான கருவிகள் உண்டு. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை அது. கருவி இரண்டு. ஒன்று, செவிக்கெட்டாத ஒலியை இரு முனைகளுக்கு இடையே அனுப்பி, அது போய்ச்சேரும் நேரத்திலிருந்து காற்றின் வேகத்தையும் திசையையும் கணிக்கும். மற்றது, அகச்சிவப்புக் கதிர் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்துக் கரியமில வாயுவை அளக்கும். இத்தகைய கருவிகள் நொடிக்குப் பத்து, இருபது முறை பதிவு செய்பவை.

சந்தை வாசலில் நின்று, உள்ளே போகிற பையையும் வெளியே வருகிற பையையும் எடைபோடுவது போலத்தான். கீழிறங்கும் சுழலில் வாயு கூடுதலாகவும் மேலேறும் சுழலில் குறைவாகவும் இருந்தால், மிச்சத்தைக் காடு எடுத்துக்கொண்டது. பொதுவாக அரை மணிக்கு ஒருமுறை சராசரி போடுவார்கள்.

காற்று அடங்கிய இரவில் இந்த முறை தடுமாறும். மரமும் மண்ணும் வெளிவிடும் வாயு கோபுரத்தை எட்டாமல் அடியிலேயே தேங்கிவிடும். ஆகவே அத்தகைய நேரத்துப் பதிவுகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, வேறு கணக்கால் நிரப்புகிறார்கள்.

அளப்பவருக்குச் சிக்கல் அடங்கிய காற்று என்றால், அலையாத்தி மரத்துக்குச் சிக்கல் சேறு. அதற்குள் ஆக்சிஜன் கிடையாது. வெண்கண்டல் தன் சுவாச வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டிக் காற்று வாங்குகிறது. ஓதம் ஏறி வேர் மூழ்கினால் உள்ளே ஆக்சிஜன் குறைந்து அழுத்தமும் தாழும். நீர் வடிந்ததும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஸ்கோலாண்டர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1955இல் இதை விளக்கினார்கள்.

ஓதம் வடியும்போது சேற்றின் கரிமத்தில் ஒரு பங்கைக் கரைத்துக் கடலுக்கும் கொண்டுபோகிறது. கோபுரத்துக்கு அது தெரியாது. பிச்சாவரமானாலும் காரைக்காலின் அரசலாற்றங்கரையானாலும், தண்ணீரையும் சேர்த்து அளக்காத அலையாத்திக் கணக்கு அரைக்கணக்குதான்.