செக்யூரிட்டி வேலையும் நம் பெண்களும்

நம் பேரவை மலரில் கம்ப்யூட்டர் பற்றியும் செயற்கைக்கோள் பற்றியும் எழுத நிறையப் பேர் உண்டு. நான் எழுதப்போவது கேட்டில் நிற்கிற வேலையைப் பற்றி. காரணம், என் அம்மா.

அம்மா முன்பு முதுநகர் துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர். படிப்பு ஐந்தாவது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான். முட்டி வலி வந்தபிறகு கூடையை இறக்கிவிட்டு, நான்கு வருடமாகக் கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் செக்யூரிட்டி. சேர்ந்த அன்று ஏஜென்சிக்காரர் நீலச் சட்டை, தொப்பி, விசில் கொடுத்தார். (அதற்கும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்!) "பொம்பளைங்க பையைப் பாரும்மா, வர்ற வண்டி நம்பரை எழுதும்மா" என்றார். பயிற்சி அவ்வளவுதான். டி.என். 31 என்று வண்டி நம்பரைப் பார்த்துப் பார்த்து எழுதித்தான் அம்மா இங்கிலீஷ் எழுத்தே கற்றுக்கொண்டார்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி யு.பி.எஸ். அறையிலிருந்து புகை வந்திருக்கிறது. சுவரில் தீயணைப்பு சிலிண்டர் தொங்குகிறது. அம்மா அதை எடுத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. பின்னை உருவ வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. பதறிப்போய் வாளித் தண்ணீரைத் தூக்கியவரை லிஃப்ட் ஆபரேட்டர் ஓடிவந்து தடுத்தார். கரண்ட் தீயில் தண்ணீர் ஊற்றினால் ஊற்றுகிறவருக்கே ஷாக் அடிக்கும் என்பது நமக்கு முதல் வருட ஒர்க்‌ஷாப்பிலேயே சொன்னதுதான். மறுநாள் நான் அம்மாவுக்கு ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். பின்னை இழு, குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்குக் காட்டு, பிடியை அழுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வீசு. "இவ்ளோதானாடி? இதுக்கா நான் செத்துப் பொழைச்சேன்?" என்றார்.

அதற்கப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2005-இல் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, 2006-இல் அமலானது. அதன்படி காவலாளிக்கு வயது 18 முதல் 65 வரை. முகமைக்கு லைசென்ஸ் வேண்டும். அதை ஆபீசில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் மாட்டவும் வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்லும் பயிற்சி, வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம். குறைந்தது 20 வேலை நாட்கள். தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, அடையாள அட்டை பார்ப்பது, போலீசில் புகார் கொடுப்பது, ஆங்கில எழுத்தையும் எண்ணையும் படிப்பது எல்லாம் அதில் அடக்கம். ஆக, அம்மாவுக்கு வரவேண்டியது 160 மணி நேரம். வந்தது ஐந்து நிமிடம். உயரம் ஆணுக்கு 160 செ.மீ., பெண்ணுக்கு 150. அம்மாவைச் சுவரில் நிறுத்தி டேப் வைத்து அளந்தேன். 152! சிரித்துக்கொண்டே நின்றார்.

சரி, மேலே போக வழி உண்டா? இங்கேதான் சிக்கல். பெண்களின் பையைச் சோதிக்கப் பெண்தான் வேண்டும் என்பதால் நமக்கு வேலை நிச்சயம். ஆனால் அந்தப் பையோடேயே நிறுத்தியும் விடுகிறார்கள். சூப்பர்வைசர் பதவிக்கு ராணுவம், போலீஸ், ஊர்க்காவல் படை இவற்றில் மூன்று வருட அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்கிறது சட்டம். ராணுவத்தில் பெண்களைச் சிப்பாய் நிலையில் எடுத்ததே அண்மையில்தான். ராணுவக் காவல் பிரிவின் முதல் அணி 83 பேர் 2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்தார்கள். அவர்கள் ஓய்வு பெற்று வரும்வரை காத்திருப்பதா? ஊர்க்காவல் படையில் பெண்களும் சேரலாம். அது ஒரு வழி. இன்னொன்று, முன்னுரிமை என்றால் மற்றவர்களுக்குக் கிடையாது என்று அர்த்தமில்லை. இதை ஏஜென்சிக்காரர்கள் சொல்வதே இல்லை.

நைட் டூட்டி பெண்ணுக்கு ஆகாது என்பது அடுத்த சாக்கு. தொழிற்சாலைகளில் பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்த 1948-ஆம் வருடச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரிலேயே செல்லாது என்றது. ஆனால் போக்குவரத்து வசதி, தனி ஓய்வறை, பாலியல் தொல்லையிலிருந்து பாதுகாப்பு எல்லாம் தரவேண்டும் என்று நிபந்தனையும் போட்டது. நம் குடிகாடு சிப்காட் பக்கம் வேலைக்குப் போகிற அக்காமார்கள் இந்த நிபந்தனைகளைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சம்பளச் சீட்டில் பி.எஃப். 12 சதவீதமும் இ.எஸ்.ஐ. 0.75 சதவீதமும் பிடித்திருந்தால் இ.எஸ்.ஐ. நம்பரைக் கேட்டு வாங்குங்கள். பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு அதில் உண்டு.

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற நமக்கும் இதில் இடம் இருக்கிறது. கேமரா, தீ எச்சரிக்கை அலாரம், கதவில் கார்டு தேய்க்கிற கருவி எல்லாம் நம் பாடம்தான். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பார்க்க மீசை தேவையில்லை.

அம்மா சார்பில், பயிற்சியும் சான்றிதழும் தரவேண்டும், சூப்பர்வைசர் பதவிக்குப் பரிசீலிக்க வேண்டும் என்று ஏஜென்சிக்கு நானே மனு எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் ஆகிறது, பதில் இல்லை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு அம்மாவே சிலிண்டரைக் காட்டிப் பாடம் எடுக்கிறார். இன்றைக்கும் அவருக்கு நைட் டூட்டி. திருப்பாதிரிப்புலியூர் பஸ் பிடிக்க இப்போதுதான் கிளம்பினார்.