நூலால் ஆன நூல்

இங்கிலாந்து தேசத்திலே, பாடசாலைக்கு முதன்முதலாக வந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் கையிலே புத்தகம் ஒன்று கொடுக்கப்பட்டது. அவன் அதனை முகர்ந்து பார்த்தான். பின்னர் வாயில் வைத்துக் கடிக்க முற்பட்டான். புத்தகம் என்பது யாது என்றே அவனுக்குத் தெரியவில்லை! இக்காட்சியைக் கண்ணுற்ற வெண்டி கூலிங் என்னும் அம்மையாரின் உள்ளத்தை அது விட்டகலவில்லை. 1992ஆம் ஆண்டிலே பேர்மிங்ஹாம் நகரில் 300 குழந்தைகளுக்குப் புத்தகப் பை வழங்கி, ‘புக்ஸ்டார்ட்’ என்னும் இயக்கத்தை அவர் தொடக்கி வைத்தார்.

அச்சிறுவன் செய்ததில் நகைப்பதற்கு ஏதும் இல்லை. எட்டு மாதக் குழந்தை புத்தகத்தை எவ்வாறு அறிய முயலுமோ அவ்வாறே அவனும் அறிய முயன்றான். எட்டாம் மாதத்திற் கிடைக்க வேண்டியது ஐந்தாம் வயதிலே கிடைத்தது, அவ்வளவே. கண்ணுக்கு முன்னர் கையும் வாயுமே குழந்தைக்கு ஆசிரியர்கள்.

நம் இல்லங்களில் நிலைமை என்ன? விஜயதசமியன்று ஏடு தொடக்கும் வரையில் புத்தகம் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருப்பதே பெரும்பான்மை வழக்கம். தவறிக் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றோம். இம்மரியாதை நல்லதுதான், அதனைக் குறைகூற யான் துணியேன். ஆயினும் ஒன்றரை வயதுக் குழந்தை அண்ணனுடைய புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துவிட்டால் வீட்டிலே எழும் கூச்சலை நினைத்துப் பாருங்கள். புத்தகம் பறிக்கப்படுகின்றது, கையிலே ஓர் அடியும் விழுகின்றது. அன்று அக்குழந்தை புத்தகத்தைப் பற்றிக் கற்றுக்கொண்ட முதற் பாடம் அந்த அடியே.

கிழியாத புத்தகம் ஒன்று இருந்தால்? அதனைத் தம் கையாலேயே தைத்துக் கொடுத்து வருகின்றார்கள் யப்பானியப் பெண்மணிகள்.

யப்பானிலே ‘புங்கோ’ என்றொரு மரபு உண்டு. சிறுவர் புத்தகங்களைத் தம் வீட்டு அறையொன்றிலே அடுக்கி வைத்து, அயற் சிறுவருக்குக் கதவைத் திறந்துவிடுவதே அது. மோமோக்கோ இஷீ என்னும் எழுத்தாளர் 1958ஆம் ஆண்டு தோக்கியோவின் ஒகிகுபோ பகுதியிலே தம் இல்லத்தில் அத்தகைய நூல்நிலையம் ஒன்றைத் திறந்தார். அதனைப் பின்பற்றி நாடெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இல்லத்தரசிகள் புங்கோ நடத்தலாயினர். சம்பளமும் இல்லை, பட்டமும் இல்லை.

வடக்கே பனி கொட்டும் ஹொக்கைடோ தீவிலே, ஷிஸுயே கொபயாஷி என்னும் அம்மையார் 1970இல் ஒரு புங்கோவைத் தொடக்கி அதற்கு ‘புக்கினோத்தோ’ எனப் பெயரிட்டார். வசந்த காலத்தின் தொடக்கத்திலே பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு முதலில் தலைநீட்டும் ஒருவகைச் செடியின் மொட்டுக்கு அப்பெயர். அவர் மனங்கொண்டது மற்றையோர் மறந்துவிட்ட குழந்தைகளை: நோயுற்றுப் படுக்கையிற் கிடப்போர், கைவிரல்கள் வழங்காதோர், பார்வை குன்றியோர். மெல்லிய காகிதத் தாளைப் புரட்டுவதே அவர்களிற் பலருக்கு மலையைப் புரட்டுவது போன்றது. அவர்களுக்காகத் தொண்டர்கள் துணியிலே புத்தகம் தைக்கத் தலைப்பட்டனர். அவ்வழக்கம் நாடெங்கும் பரவியது.

அப்புத்தகத்தின் அமைப்பைச் சிறிது கூற வேண்டும். தடித்த பருத்தித் துணியே தாள். அதன்மேற் கம்பளித் துணியில் வெட்டிய உருவங்கள். ஒரு பக்கத்திலே மரம் நிற்கின்றது. அதன் பழங்கள் பொத்தானிலே தொங்குகின்றன. குழந்தை பழத்தைப் பறிக்கலாம், மீண்டும் மாட்டலாம். (பொத்தானை யாழ்ப்பாணத்தார் ‘தெறி’ என்பர்; பழம் தெறித்து விழுவதற்கு அச்சொல்லே பொருத்தம்!) மற்றொரு பக்கத்திலே புகையிரதம், பெட்டிகளை ஒன்றோடொன்று கொளுவி நீட்டிக்கொண்டே போகலாம். இன்னொன்றிலே சப்பாத்து, அதன் நாடாவை முடிந்து பழகலாம். ‘சிப்’பை இழுத்தால் உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்க்கின்றார். விரல்கள் சட்டைக்குத் தெறி போடப் பழகுகின்றன. நாவோ பழத்திற்கும் புகையிரதத்திற்கும் பெயர் சொல்லப் பழகுகின்றது. அருகிலே அமர்ந்திருக்கும் தாய் கதை சொல்லாமல் இருக்க முடியாது.

இதனைத் தைப்பது இலகுவான காரியமன்று. ஒரு புத்தகம் முடிய வாரக்கணக்கிற் செல்லும். ஒருவர் உருவங்களை வெட்ட, இன்னொருவர் ஓரந் தைக்க, வேறொருவர் எழுத்துக்களை இழையோட்டுகின்றார். தெறிகளைப் பற்றியே அவர்களுக்கு மிகுந்த அச்சம். கழன்று விழுந்தால் நேரே குழந்தையின் தொண்டைக்குத்தான் போகும். ஆதலால் உறுதியான இழையாலே பலமுறை தைத்து, இழுத்துப் பார்த்த பின்னரே கைவிடுகின்றனர். நூல்நிலையத்திலே இரவல் சென்று திரும்பும் புத்தகத்தைத் துவைக்க வேண்டும். தொலைந்த பழத்திற்குப் பதிற் பழம் தைக்க வேண்டும். அச்சடித்தால் ஆயிரம் பிரதி எடுக்கலாமே என்று கேட்போர் உண்டு. இழுத்தும் கடித்தும் பார்க்கத்தக்க பழத்தை எந்த அச்சியந்திரம் தரும்?

தமிழிலே ‘நூல்’ என்பது இழைக்கும் பெயர், புத்தகத்திற்கும் பெயர். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினார். அவர் உவமையாகக் கூறியதை யப்பானிய மாதர் உண்மையாகவே செய்துவிட்டனர் எனலாம்.

பேர்மிங்ஹாமிலே பிறந்த இயக்கமும் பின்னர் யப்பானை அடைந்தது. 2000ஆம் ஆண்டிலே அது முதலிற் பரீட்சித்துப் பார்க்கப்பட்ட இடம் தோக்கியோவின் சுகினமி வட்டாரம். மோமோக்கோ இஷீ அம்மையாரின் ஒகிகுபோ இருப்பதும் அவ்வட்டாரத்திலேதான். இன்று அந்நாட்டு உள்ளூராட்சி மன்றங்களிற் பாதிக்கு மேற்பட்டவை குழந்தைகளுக்குப் படப் புத்தகம் வழங்கி வருகின்றன.

தையற் பெட்டி இல்லாத வீடு நம்மிடையே அரிது. அம்மாவின் பழைய நூற்சேலை ஒன்று, மூன்று நான்கு மடிப்பாக்கித் தைத்தால் நல்ல தாளாகும். எடுத்த எடுப்பிலே புகையிரதத்திற்குப் போக வேண்டாம். தெறியும் வேண்டாம், பல் முளைக்கும் குழந்தைக்கு அது ஆபத்து. முதற் பக்கத்திலே சட்டைப் பை ஒன்றைத் தைத்துவிடுங்கள். அதற்குள்ளே மஞ்சட் துணியில் ஒரு மாம்பழம், தொலையாதபடி குட்டையான நாடாவிலே கட்டப்பட்டதாக. இரண்டாம் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் குழந்தையே சொல்லும்.