பள்ளி நின்றால் படிப்பு நிற்க வேண்டியதில்லை

கொல்கத்தாவின் கிடர்பூரில், ஃபேன்சி மார்க்கெட்டை ஒட்டிய சந்துகளுக்குள் பகல் 11 மணிக்குப் போய்ப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதில் பையன்கள் துணிக்கட்டுப் பிரித்துக்கொண்டிருப்பார்கள், கடைகளுக்கு டீ கொண்டு போய்க்கொண்டிருப்பார்கள், செல்போன் பழுது பார்க்கும் மேசைக்குப் பின்னால் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். மெட்டியாபுரூஜ் பக்கம் நடந்தால் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடும். ஒஸ்தாகர் என்று அழைக்கப்படும் தையல் முதலாளிகளிடம் காஜா எடுக்கவும் பட்டன் தைக்கவும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். எதுவரை படித்தாய் என்று கேட்டால் எட்டு என்பார்கள், ஒன்பது என்பார்கள். ஏன் நின்றாய் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: ஃபெயில்.

இந்தப் பிள்ளைகளுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1892-இல் துறைமுகம் திறந்ததிலிருந்து பீகார், ஒடிசா, ஆந்திரம் என்று பல பக்கத்து மனிதர்கள் வேலை தேடி வந்து குடியேறிய இடம் கிடர்பூர். வீட்டில் உருது, தெருவில் இந்தி, கடையில் வங்காளம், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். மூன்று மொழிகளில் பேரம் பேசத் தெரிந்த பையன் நான்காவது மொழியில் அறிவியல் எழுத முடியாமல் தோற்கிறான். சிலருக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும் டிஸ்லெக்ஸியா. அதைக் கண்டுபிடிக்க யாருமே இருந்திருக்க மாட்டார்கள். சிலருக்கு வீட்டில் நோயாளி அப்பா, சிலருக்கு வகுப்பறையில் வாங்கிய அடி. பெண் பிள்ளைகளின் காரணங்கள் வேறு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

பள்ளிக்குப் போகாமலே முறையாகப் படித்து, அரசு அங்கீகரித்த பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வாங்க இவர்கள் எல்லோருக்கும் வழி இருக்கிறது. திறந்தநிலைப் பள்ளி, பேச்சு வழக்கில் ஓபன் ஸ்கூல். மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கழகத்தை என்ஐஓஎஸ் என்ற சுருக்கப் பெயரில் நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 1979-இல் சிபிஎஸ்இ வாரியத்தின் ஒரு சிறு திட்டமாகத் தொடங்கி, 1989-இல் தனி நிறுவனமாகி, 1990-இல் தானே தேர்வு நடத்திச் சான்றிதழ் தரும் அதிகாரத்தை அரசிதழ் அறிவிப்பின் மூலம் பெற்றது. கொல்கத்தாவிலும் சென்னையிலும் மண்டல மையங்கள் உண்டு. மேற்கு வங்கத்துக்கென்று தனியே மாநில அரசின் ரவீந்திர முக்த வித்யாலயாவும் இருக்கிறது.

அந்தப் பெயர் பொருத்தமானது. ரவீந்திரநாத் தாகூர் ஓரியண்டல் செமினரி, நார்மல் ஸ்கூல், பெங்கால் அகாடமி, செயின்ட் சேவியர்ஸ் என்று பள்ளி பள்ளியாக மாறியும் எதிலும் ஒட்டாத பிள்ளை. கடைசியில் வீட்டிலேயே ஆசிரியர்களை வைத்துப் படிக்க வைத்தார்கள். லண்டனுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்தும் பட்டம் வாங்காமல் திரும்பினார். பிறகு 1901-இல் சாந்திநிகேதனில் அவரே ஐந்து மாணவர்களோடு ஒரு பள்ளி தொடங்கினார். ஜமீன் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டு ஆசிரியர் கிடைத்தார். காஜா எடுக்கும் பிள்ளைக்கு அந்த இடத்தில் அரசு நிற்க வேண்டும். அதற்காகத்தான் திறந்தநிலைப் பள்ளி.

தமிழ்நாட்டில் தனித்தேர்வர் என்ற முறை நமக்குப் பழக்கம். டுடோரியலில் சேர்ந்து, தவறிய பாடத்தை மறுபடி எழுதுவது. திறந்தநிலைப் பள்ளி அதிலிருந்து வேறுபட்டது. பாடப்புத்தகங்கள் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமலே படிப்பதற்கு ஏற்றபடி எழுதப்பட்டவை. படிப்பு மையத்தில் அவ்வப்போது நேரடி வகுப்பு நடக்கும். வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புகளுக்கு மதிப்பெண் உண்டு. எல்லாவற்றையும் விட முக்கியம், பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. என்ஐஓஎஸ் பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புச் சான்று கையில் இல்லாவிட்டால், இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று தானே எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழி போதும். ஐந்து பாடங்களில் தேற வேண்டும், அவற்றில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். உருது வழியில் எழுதலாம், இந்தி வழியில் எழுதலாம். கிடர்பூர்ப் பிள்ளைக்கு இது ஒன்றே பாதிச் சுமையை இறக்கி வைக்கும். மொழிப்பாடங்களில் தமிழும் உண்டு என்பதை வெளிமாநிலத் தமிழர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஒருமுறை சேர்ந்தால் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆண்டுக்கு இரண்டு தடவை, ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பரிலும் பொதுத்தேர்வு. மொத்தம் ஒன்பது வாய்ப்புகள். ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதத் தேவையில்லை. இந்தத் தடவை இரண்டு, அடுத்த தடவை ஒன்று என்று எழுதலாம். தேறிய பாடத்தின் மதிப்பெண் அப்படியே இருக்கும். மேற்கு வங்க வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வான மாத்யமிக்கில் தவறிய பிள்ளை, அங்கே தேறிய இரண்டு பாடங்களின் மதிப்பெண்ணை இங்கே மாற்றிக்கொண்டு மூன்று மட்டும் எழுதலாம். தோல்வி என்ற சொல் காதில் விழுந்துகொண்டே வளர்ந்த பிள்ளைக்கு முதல் பாடத்தில் கிடைக்கும் தேர்ச்சி என்ன செய்யும் என்பதைப் பெற்றோரே பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

ஆனால் கணக்கு வராது, விட்டுவிடுவோம் என்று அவசரமாக முடிவெடுக்காதீர்கள். கணக்கு இல்லாமல் பத்தாம் வகுப்பு தேறலாம்தான். பிறகு பாலிடெக்னிக், ஐடிஐ போன்ற இடங்களில் பல பிரிவுகள் கணக்கும் அறிவியலும் கேட்கும். பிள்ளை அடுத்து என்ன படிக்க நினைக்கிறது என்று கேட்டுவிட்டுப் பாடங்களை எழுதுங்கள். மருத்துவம் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுதக் கூடாது என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2018-இல் தில்லி உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. மாநில அரசு வேலையை மனதில் வைத்திருப்பவர்கள் மட்டும், அந்த மாநிலத் தேர்வாணையம் இந்தச் சான்றிதழை எப்படி ஏற்கிறது என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நல்ல கதவைச் சில பள்ளிகள் பிள்ளைகளை வெளியே தள்ளப் பயன்படுத்துகின்றன. எனக்கு மிகவும் கோபம் தருவது இதுதான். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும். எனவே ஒன்பதாம் வகுப்பிலேயே பின்தங்கிய பிள்ளையின் பெற்றோரை அழைத்து, டி.சி. வாங்கிக்கொண்டு ஓபனில் எழுத வையுங்கள் என்று சொல்வது. அக்கறையாகச் சொல்வது போலவே இருக்கும். படிக்காத பெற்றோர் தலையாட்டிவிட்டு வருவார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் பிள்ளை எதிலும் பதிவாகியிருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அந்தப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைக்கு இலவசக் கல்வி அடிப்படை உரிமை. எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் அதற்கு முன் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்து மறுதேர்வு வைத்தாக வேண்டும், அப்போதும் பள்ளியை விட்டு அனுப்பக் கூடாது. இடையில் நின்ற குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். டி.சி. வரவில்லை என்று சேர்க்க மறுப்பதும், அடிப்பதும், மனம் புண்படப் பேசுவதும் சட்டத்துக்குப் புறம்பானவை. ஆகவே 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓபன் ஸ்கூலைக் காட்டி யாராவது டி.சி. நீட்டினால் வாங்காதீர்கள். அந்தக் குழந்தையின் இடம் பக்கத்துப் பள்ளிதான்.

வயது 14-ஐத் தாண்டிய பிறகு இந்தச் சட்டத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. அது நம் சட்டத்தின் குறை. அப்போதும் பெற்றோருக்கு ஒரு வழி இருக்கிறது. வாய்வார்த்தையாகச் சொல்வதை எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். எழுதித் தர மறுப்பார்கள், அந்த மறுப்பே பல நேரம் பிள்ளையைக் காப்பாற்றும். மீறினால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதலாம். 18 வயது வரை அந்த ஆணையத்தின் பொறுப்பு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் ஒன்று. குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிய வேண்டியது கல்வி நிறுவனத்தின் கடமை. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவை சலுகையாகக் கெஞ்சி வாங்க வேண்டியவையல்ல, சட்டமே சொல்பவை. முதலில் அரசு மருத்துவமனையில் பிள்ளையைப் பரிசோதித்துச் சான்று வாங்குங்கள். அந்தச் சான்று பழைய பள்ளியிலேயே பிள்ளை தொடர உதவலாம். தொடர முடியாவிட்டால் திறந்தநிலைப் பள்ளித் தேர்விலும் பயன்படும்.

அடுத்த ஆபத்து ஏஜெண்டுகள். தேர்ச்சி உறுதி, பரீட்சைக்கு வரவே வேண்டாம், ஒரே மாதத்தில் பத்தும் பன்னிரண்டும் என்று சுவரொட்டி ஒட்டுபவர்கள். இவர்களிடம் பணம் கட்டியவர்களில் சிலருக்கு, கேள்விப்படாத ஏதோ ஒரு வாரியத்தின் பெயரில் பளபளப்பான தாள் ஒன்று வந்து சேரும். வேலைக்குக் கொண்டு போகும்போதுதான் அது வெறும் தாள் என்று தெரியும். என்ஐஓஎஸ் சேர்க்கை இணையத்திலேயே நடக்கிறது. பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணம் குறைவு. விண்ணப்பத்தில் உங்கள் செல்போன் எண்ணையும் உங்கள் மின்னஞ்சலையும் மட்டும் கொடுங்கள். ஏஜெண்டின் எண் பதிவானால் கடவுச்சொல்லும் தேர்வுத் தகவலும் அவர் கையில் மாட்டிக்கொள்ளும். கட்டணம் கட்டிய ரசீது, பதிவு எண், ஒப்படைப்புகளின் நகல் மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் உட்காராதீர்கள். இணையவழி மோசடி என்றால் உடனே 1930, டுடோரியல் சேவைக் குறைபாடு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

இப்போது பெண் பிள்ளைகள். வீட்டிலிருந்தே படிக்கலாமே என்று பள்ளியிலிருந்து நிறுத்துவார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்வதும் ஜரிகை வேலையும் அவள் தலையில் விழும். புத்தகம் அலமாரி மேலேறும், அடுத்த ஆண்டு மாப்பிள்ளை பார்ப்பார்கள். திறந்தநிலைப் படிப்பு அவளுக்குக் கதவாக இருக்க வேண்டும் என்றால் பதிவு எண் அவள் கையில் இருக்க வேண்டும், படிப்பு மையத்துக்கு அவளே போய்வர வேண்டும். மேற்கு வங்க அரசு 2013-இல் தொடங்கிய கன்யாஸ்ரீ திட்டத்தில், படித்துக்கொண்டிருக்கும், திருமணமாகாத பெண்ணுக்கு 18 வயதானதும் ஒரே தவணையாக 25,000 ரூபாய் கிடைக்கும். அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் பள்ளி மாணவிகளுக்கும் அது பொருந்தும் என்பது பல வீடுகளில் தெரியாது. கல்யாணத்தைத் தள்ளிப்போட அம்மாவுக்கு ஒரு பேச்சு கிடைக்கும், சொல்லி வையுங்கள். 18 வயதுக்கு முன் கல்யாணம் என்றால் 1098-ஐ அழையுங்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கடையில் வேலைக்கு வைத்திருந்தாலும் அதே எண்தான்.

பதிவு செய்துவிட்டால் மட்டும் பிள்ளை படித்துவிடாது. தனியாகப் படிப்பது பெரியவர்களுக்கே கடினம். கேட்க ஆளில்லாமல், நண்பர்கள் இல்லாமல், முதல் ஒப்படைப்பிலேயே சோர்ந்து விடுபவர்கள் நிறைய. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதைப் போன்ற தனிப்படிப்பு முறை ஒன்று இருக்கிறது. அங்கே மாணவர், பெற்றோர், பொறுப்பாசிரியர் ஆகியோர் கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். எந்த வேலையை எந்த நாளுக்குள் முடிக்க வேண்டும், ஆசிரியரை எப்போது பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கும். நம் ஊரில் சட்டம் அதைக் கேட்பதில்லை. ஆனாலும் ஒரு நோட்டுத் தாளில் நாமே எழுதிக்கொள்ளலாம். வாரத்துக்கு மூன்று மாலை, ஒன்றரை மணி நேரம், உட்கார ஒரு இடம், கேள்வி கேட்க ஒரு மனிதர். அந்த மனிதர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாடி வீட்டுக் கல்லூரி மாணவி போதும், ஓய்வுபெற்ற துறைமுக குமாஸ்தா போதும். கடை முதலாளியும் இதில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்பது என் விருப்பம். பரீட்சைக்கு முந்தைய மாதம் பையனை மாலை 5 மணிக்கு விடுவதில் அவருக்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது.

கிடர்பூருக்குச் சொன்னது வியாசர்பாடிக்கும் திருப்பூருக்கும் பொருந்தும். அதே என்ஐஓஎஸ், அதே சட்டம். உங்கள் தெருவிலோ கடையிலோ படிப்பை விட்ட பிள்ளை ஒன்று இருந்தால், அதையும் அதன் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு 1800-180-9393 என்ற கட்டணமில்லாத எண்ணை நீங்களே ஒருமுறை அழைத்துப் பேசிக் கொடுங்கள். சேர்க்கைக் கடைசித் தேதி, பக்கத்துப் படிப்பு மையம், கட்டணம் மூன்றையும் கேட்டுத் தாளில் எழுதி அந்த அம்மா கையில் கொடுங்கள்.