போல்ட்டுக்கு ஏத்த நட்டு எது?



கைப்பம்பு பராமரிப்பை ஏற்று நடத்தும் குழுக்களிடமிருந்து எங்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: "நட்டை நல்லா இறுக்கிட்டோம், ஆனாலும் பம்பு தலை ஆடுதே, ஏன்?" பல சமயம் காரணம் மரைதான். போல்ட்டில் ஒரு வகை மரை, நட்டில் வேறு வகை மரை.

இந்தியா மார்க் 2 பம்பில் தலைப்பகுதி, தண்ணீர்த் தொட்டி, அடிப்பீடம் மூன்றும் ஃபிளாஞ்ச் எனப்படும் தட்டையான விளிம்புகளின் மேல் உட்காருகின்றன. அவற்றைப் பிடித்து நிறுத்துவது எம் 12 போல்ட்டுகள். 'எம்' என்றால் மெட்ரிக், 12 என்றால் 12 மி.மீ. விட்டம்.

கடையில் அரை இஞ்சு நட்டும் பக்கத்திலேயே இருக்கும். பார்க்க அக்கா தங்கச்சி மாதிரிதான். வித்தியாசம் இதோ:

* எம் 12: விட்டம் 12 மி.மீ. ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.75 மி.மீ. மரையின் கோணம் 60 டிகிரி.
* அரை இஞ்சு விட்வொர்த்: விட்டம் 12.7 மி.மீ. இஞ்சுக்கு 12 மரை, அதாவது இடைவெளி சுமார் 2.1 மி.மீ. கோணம் 55 டிகிரி. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த முறை இது.

எம் 12 நட்டு அரை இஞ்சு போல்ட்டில் ஏறவே ஏறாது. அதனால் ஆபத்தில்லை. ஆனால் அரை இஞ்சு நட்டு எம் 12 போல்ட்டில் ஓரிரு சுற்று ஏறி, பிறகு சிக்கிக்கொள்ளும். "டைட் ஆயிடுச்சு"ன்னு நினைப்போம். சிக்கியது மரை மட்டும்தான், ஃபிளாஞ்ச் இறுகியிருக்காது. ஸ்பானர் போட்டு மேலும் முறுக்கினால் மரை அறுந்துவிடும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. கடையில் "எம் 12, 1.75 மரை" என்று சொல்லிக் கேளுங்கள்.
2. நட்டை முதலில் விரலால் கடைசி வரை சுற்றிப் பாருங்கள். பாதியில் நின்றால் வேண்டாம்.
3. சந்தேகம் வந்தால் பிள்ளைகளின் ஸ்கேலை போல்ட்டின் மேல் வையுங்கள். 10 மரை இடைவெளி 17.5 மி.மீ. என்றால் எம் 12. 21 மி.மீ. என்றால் விட்வொர்த்.
4. எதிரெதிர் மூலை போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் ஃபிளாஞ்ச் சாய்ந்துவிடும்.
5. மாதம் ஒருமுறை சங்கிலிக்கு கிரீஸ் போடும்போதே எல்லா நட்டையும் சரிபாருங்கள்.

கிணற்றுக்குள் இறங்கும் ஜி.ஐ. குழாயில் இருப்பது குழாய் மரை. அது தனி வகை, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பம்பு நின்றுபோனால் குடத்தோடு தூரம் நடப்பது நம்ம பெண்கள்தான். அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு போல்ட், ஒரு நட்டு, ஒரு ஸ்கேல் கொண்டு வாருங்கள். எல்லோரும் அளந்து பழகுவோம்!